புத்தகத்துக்குள் ஒரு துண்டுத் தோல்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். அலமாரியில் இருந்த புத்தகங்களை எல்லாம் இறக்கித் திண்ணையில் அடுக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். தடிமனான பழைய ஐரோப்பிய வரலாற்று நூல் ஒன்றிலிருந்து ஒரு தோல் துண்டு எட்டிப் பார்த்தது. உருவி எடுத்தேன். புக்மார்க். 1988-இல் பத்தாம் வகுப்பு முடித்துப் போன ஒரு மாணவன் தன் கையால் செய்து எனக்குக் கொடுத்தது. பெயர் வேண்டாம், அவன் இப்போது பேரன் எடுத்துவிட்டான்.

ஒன்றேகால் அங்குல அகலம், ஏழு அங்குல நீளம் இருக்கும். நடுவில் ஐந்து இதழ்ப் பூ ஒன்று. அதிலிருந்து இரண்டு பக்கமும் கொடி ஓடுகிறது. பூ மேடாகவும் பின்புலம் பள்ளமாகவும் இருக்கிறது. விரலால் தடவினால் இதழ் தட்டுப்படும். கீழ் முனையைக் குஞ்சம்போல் கீறி விட்டிருக்கிறான்.

என்னை நிறுத்தியது அதன் நிறம். புத்தகத்துக்குள் இருந்த பகுதி மாரி பிஸ்கட் நிறத்தில் அப்படியே இருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த குஞ்சம் மட்டும் செங்கல் நிறமாகச் சிவந்து, தொட்டால் பொடி உதிர்கிறது. தோல் ஒன்று, செய்த கையும் ஒன்று. பிறகு ஏன் இரண்டு நிறம்? வரலாற்று வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா! அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு எகிப்து, லண்டன், கொடைக்கானல் எல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் எங்கள் திண்டுக்கல் தோல் ஷாப் வாசலிலேயே வந்து நின்றேன். (வெளியூர் நண்பர்களுக்கு: தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கம் தோல் ஷாப் என்றுதான் சொல்வோம்.)

முதலில் புக்மார்க்கின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புத்தகம் சுருளாக இருந்த காலத்தில் அடையாளமே தேவைப்படவில்லை. படித்த இடத்தில் சுருளை நிறுத்தி வைத்தால் அதுவே அடையாளம். நம் ஓலைச்சுவடிக்கும் தனியாக எதுவும் செருகியதாக நான் பார்த்ததில்லை. கயிற்றின் நுனி உருவிக்கொண்டு வராமல் இருக்க ஓலையைக் கிளியின் மூக்குபோல் கத்தரித்துக் கட்டியிருப்பார்கள். அதற்குக் கிளிமூக்கு என்றே பெயர். தாள்களை மடித்து, தைத்து, அட்டை போட்டுப் புத்தகம் செய்யத் தொடங்கியபோதுதான் 'எங்கே விட்டோம்' என்ற கவலை வந்தது.

இன்று நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய புக்மார்க் தோலால் ஆனது என்பது எனக்கே புதிய செய்தி. எகிப்தில் சக்காரா என்ற இடத்தில் அப்பா எரேமியா மடம் என்ற பழைய கிறிஸ்தவத் துறவியர் மடம் இருந்தது. அதன் இடிபாடுகளுக்கு அருகே கிடைத்த 6-ஆம் நூற்றாண்டுக் காப்டிக் மொழிப் புத்தகம் ஒன்றில், அட்டையோடு தோல் வாரால் கட்டிய அலங்காரத் தோல் புக்மார்க் இருக்கிறது. இப்போது அயர்லாந்தின் டப்ளினில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆக, தோலில் பூவேலை செய்து புத்தகத்தில் செருகும் பழக்கத்துக்கு 1400 வயதுக்கு மேல் ஆகிறது.

இடைக்கால ஐரோப்பாவில் பக்க ஓரத்தில் சின்னத் தோல் துண்டுகளைத் தைத்து வைத்தார்கள். இன்று கணக்குப் பேரேட்டில் காது ஒட்டுகிறோமே, அதே மாதிரி. இன்னொரு வகை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கயிற்றில் சின்ன வட்டத் தகடு. தகட்டில் 1 முதல் 4 வரை எண்கள். புத்தகத்தை விரித்தால் இரண்டு பக்கத்திலும் சேர்த்து நான்கு பத்தி. எந்தப் பத்தியில் நிறுத்தினோமோ அந்த எண்ணைத் திருப்பி வைத்து, எந்த வரியோ அந்த உயரத்துக்குத் தகட்டைக் கயிற்றில் நகர்த்திவிட வேண்டும். பக்கம், பத்தி, வரி மூன்றும் பத்திரம். பஸ் டிக்கெட்டைச் செருகும் நாம் எங்கே, அவர்கள் எங்கே!

1584-இல் அச்சாளர் கிறிஸ்டோபர் பார்க்கர் முதலாம் எலிசபெத் ராணிக்குக் குஞ்சம் வைத்த பட்டு புக்மார்க் ஒன்றைக் கொடுத்தார் என்பது புக்மார்க் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் சொல்லும் செய்தி. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கவென்ட்ரி நகரத்தின் கதை. அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டு ரிப்பன் நெய்து பிழைத்தன. 1860-இல் பிரான்சோடு போட்ட ஒப்பந்தத்தால் பிரெஞ்சுப் பட்டுக்கு இருந்த வரி போயிற்று. கவென்ட்ரித் தறிகள் நின்றன. தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் சும்மா நின்ற தறியில் படமும் எழுத்தும் நெய்து, 1862-இல் பட்டு புக்மார்க்குகளை விற்கத் தொடங்கினார். ஒரு சின்ன அலங்காரப் பொருளுக்குப் பின்னால் பிழைப்பு போன ஓர் ஊர் நிற்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதைக்கும் இது வரும்.

இங்கிலாந்தில் 20-ஆம் நூற்றாண்டில் பட்டின் இடத்தைத் தோல் பிடித்தது. கோட்டை, தேவாலயம், அருங்காட்சியகம் எங்கு போனாலும் வாசல் கடையில் ஒரு தோல் பட்டை; தங்க நிறத்தில் இடத்தின் பெயர்; கீழே குஞ்சம். வெளிநாடு போய் வந்த உறவினர்கள் உங்களுக்கும் ஒன்று கொடுத்திருக்கலாம். ஆனால் அவை அச்சு வைத்து அழுத்தியவை. கையால் செதுக்கியது வேறு சாதி.

செதுக்கு வேலை எப்படி நடக்கிறது என்று நான் கண்ணால் பார்த்தது அந்த மாணவனிடம்தான். புக்மார்க்கைக் கொடுத்த அன்று "எப்படிடா செஞ்ச?" என்று கேட்டுவிட்டேன். மறுநாள் ஒரு துணிப்பையில் சாமான்களைக் கொண்டுவந்து, மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் செய்து காட்டினான். பேருந்து நிலையம் பக்கம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த அவன் மாமாவின் பழைய உளி ஒன்று. நாலைந்து பெரிய ஆணிகள், தலையை வெவ்வேறு விதமாக அரத்தால் ராவியவை. புளியங்கட்டையில் ஒரு சுத்தி. அடியில் வைக்க ஒரு அம்மிக்கல் துண்டு. அவ்வளவுதான் பட்டறை.

முதலில் தோலை ஈரத் துணியால் ஒற்றினான். உடனே வேலை தொடங்கவில்லை. "தண்ணி உள்ள போகணும் சார், மேல காயணும்" என்றான். ஈரத்தில் கறுத்த தோல் மெல்லப் பழைய நிறத்துக்குத் திரும்பும். திரும்பி முடிவதற்குச் சற்று முன்னால் தொட்டால் சில்லென்று இருக்கும், அதுதான் பதம். அதிக ஈரமானால் அடித்த தடம் கலைந்துபோகும். காய்ந்தால் விழவே விழாது. அமெரிக்காவில் இதற்கென்றே கனமான கைநூல்கள் போட்டிருக்கிறார்கள். அவற்றில் சொல்லும் பதமும் இதேதான்.

பிறகு உளி முனையால் பூவின் கோட்டை வெட்டினான். செதுக்குவது என்றதும் மரத்தைப்போல் சீவி எடுப்பதாக நான் நினைத்திருந்தேன். தோலில் எதையும் எடுப்பதில்லை. கனத்தில் பாதிக்கும் குறைவாக ஒரு கீறல், அவ்வளவுதான். கீறலுக்கு வெளிப்பக்கத்தை மட்டும் சாய்வான ஆணித்தலையால் தட்டித் தட்டி அமுக்குகிறார்கள். பக்கத்து நிலம் தாழ்ந்ததும் பூ தானாக எழுந்து நிற்கிறது. அப்புறம் பின்புலம் முழுக்கப் புள்ளி ஆணியால் தட்டி இன்னும் அமுக்க வேண்டும். இதழுக்குள் நரம்புக் கீறல் கடைசி. அடி விழுந்த இடம் தானாகவே சற்றுக் கறுக்கும். சாயம் போடாமலே நிழல் விழுந்த மாதிரி தெரியும்.

புக்மார்க்கில் ஒரு தனிச் சிரமம் உண்டு. இடுப்பு வார் என்றால் தோல் கனமாக இருக்கும், ஆழமாக வெட்டலாம். புக்மார்க் ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு மேல் போனால் புத்தகத்தின் முதுகு பிளக்கும். அவ்வளவு மெல்லிய ஈரத் தோலைத் தட்டினால் அது நீளும். நேர்ப்பட்டை வாழைப்பழம்போல் வளைந்துவிடும். அதற்கு அவன் கண்டுபிடித்த வழி, அகலமான துண்டிலேயே பூவேலையை முடித்துக் காயவைத்துவிட்டுக் கடைசியில் அளவுக்கு வெட்டுவது. பதினைந்து வயதுப் பையன்! யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்த வேலைக்கு எல்லாத் தோலும் ஆகாது. இதுதான் விஷயத்தின் முடிச்சு. தோல் பதனிடுவதில் பெரிய வழிகள் இரண்டு. ஒன்று, மரப்பட்டை, காய் இவற்றின் துவர்ப்புச் சாற்றில் ஊறவைப்பது. இன்னொன்று, 19-ஆம் நூற்றாண்டில் வந்த குரோமிய உப்பு. பட்டைச் சாற்றில் ஊறிய தோலின் நார்களுக்கு நடுவே துவர்ப்பு போய் நிரம்பிக்கொள்கிறது. அதனால் அமுக்கினால் அமுங்கியபடி நிற்கும். நகத்தால் கீறினால்கூடத் தடம் நிற்கும். குரோமியத் தோல் மிருதுவானது, தண்ணீருக்கும் சூட்டுக்கும் தாங்கும், ஷூவுக்கு அருமையானது. ஆனால் ரப்பர் மாதிரி. எவ்வளவு தட்டினாலும் கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். வீட்டில் தோல் பை இருந்தால் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். உள்ளே நீலச் சாம்பல் தெரிந்தால் பெரும்பாலும் குரோமியம்.

பட்டைத் தோலுக்கு உலகச் சந்தையில் நம் பெயர் இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னை மாகாணத்து ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் 'ஈஸ்ட் இந்தியா', சுருக்கமாக ஈ.ஐ. என்ற பெயரில் லண்டனுக்குப் போயின. 1840-களில் சென்னையில் சார்லஸ் டி சூசா என்ற யூரேசியர் ஏற்றுமதிக்கு ஏற்றபடி இந்த முறையைத் திருத்தி அமைத்ததாகச் சொல்வார்கள். ஆனால் அதன் மூலச் சரக்கு நம் கரட்டு நிலத்தில் தானாக முளைப்பது. ஆவாரம்பட்டை! ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று நாம் பழமொழி சொல்லும் அதே ஆவாரை. தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிர் நீக்கி, உட்புறச் சதையை வளைந்த கத்தியால் வழித்து, பட்டைச் சாற்றுத் தொட்டிகளில் நாள்கணக்கில் மாற்றி மாற்றி ஊறப்போட வேண்டும். கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீர். பிறகு எண்ணெய் தடவி நிழலில் உலர்த்த வேண்டும். எல்லாம் முடிய ஒரு மாதம்போல் ஆகும்.

கடைசியில் கடுக்காய் எதற்கு? என் புக்மார்க்கின் இரண்டு நிறத்துக்கு விடை அங்கேதான் இருக்கிறது. துவர்ப்பிலும் இரண்டு வகை உண்டு. ஆவாரம்பட்டைத் துவர்ப்பு வெளிச்சம் பட்டால் சிவக்கும். கடுக்காய்த் துவர்ப்பு அப்படிச் சிவக்காது. வெளிர் மஞ்சள் நிறமும் தரும். பட்டையின் குறையைக் காயால் மூடும் ஏற்பாடு அது.

லண்டன்காரர்களுக்கு இந்தக் குறை புத்தகத்தில்தான் தெரிந்தது. நம் ஆட்டுத் தோலுக்கு அங்கே வியாபாரப் பெயர் 'பெர்சியன்'. பாரசீகத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ! மலிவாகக் கிடைத்ததால் புத்தகம் கட்டுவோர் நிறைய வாங்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நூலகங்களில் தோல் அட்டைகள் செந்தூளாக உதிரத் தொடங்கின. 1900-இல் லண்டன் கலைக் கழகம் (சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ்) ஒரு குழு போட்டு ஆராய்ந்தது. குழுவின் தீர்ப்பு கடுமையானது. இந்தியாவில் பதனிட்ட ஆட்டுத் தோல் மற்ற வேலைகளுக்குச் சரி, புத்தகத்துக்கு மிக மோசம். பத்தாண்டுக்குள்ளேயே கெடுகிறது என்றார்கள். சுமாக் என்ற இலையில் பதனிட்ட தோலைப் பரிந்துரைத்தார்கள்.

முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. நம்மூர்ச் சரக்கைக் குறை சொல்லிவிட்டார்களே என்று. நிதானமாக யோசித்தால் அவர்கள் சொன்னது பொய் இல்லை. என் கையில் இருக்கும் சிவந்த குஞ்சமே சாட்சி. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. நூலகங்களில் எரிந்த நிலக்கரி வாயு விளக்கின் புகையும் தோலைத் தின்றது. மேல் தட்டில், சூடும் புகையும் சேரும் இடத்தில் இருந்த புத்தகங்கள் முதலில் போயின. குற்றம் முழுவதும் ஆவாரஞ்செடியின் தலையில் இல்லை.

கொடைக்கானலுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஆவாரம்பட்டை போதாமல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டையை இறக்கினார்கள். பிறகு அந்த மரத்தை நீலகிரியிலும் பழனி மலையிலும் நட்டார்கள். இன்று கொடைக்கானலில் சோலையையும் புல்வெளியையும் மூடிக்கொண்டு நிற்கிறதே, வனத்துறை அகற்றப் போராடுகிறதே, அந்த மரம்தான். நாம் சுற்றுலா போய்ப் படம் எடுத்துக்கொள்ளும் காட்டில் ஒரு பகுதி தோல் ஷாப்புக்காக நட்டது.

சரி, செதுக்குத் தோல் புக்மார்க் இன்று உலகில் எங்கே உயிரோடு இருக்கிறது? அமெரிக்காவில் குதிரைச் சேணத்துக்குப் பூவேலை செய்த மரபு, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீட்டுப் பொழுதுபோக்காக மாறியது. அடிபட்டு மருத்துவமனையில் கிடந்த சிப்பாய்களுக்குக் கைக்கும் மனத்துக்கும் பயிற்சியாகத் தோல் வேலை கொடுத்தார்கள். சார்லஸ் டேண்டி என்பவர் கடற்படையில் இருந்தபோது இதைப் பார்த்துவிட்டு, தன் தந்தையின் தோல் கடையைக் கைவினைச் சாமான் விற்கும் பெரிய நிறுவனமாக வளர்த்தார். புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சின்னத் துண்டு போதும், தப்பானாலும் நஷ்டம் இல்லை என்பதால் புக்மார்க் நல்ல முதல் பாடம். நம் நாட்டில் சாந்திநிகேதன். 1922-இல் தொடங்கிய ஸ்ரீநிகேதனில் தாகூரின் மகன் ரதீந்திரநாத்தும் மருமகள் பிரதிமா தேவியும் தோல் வேலையைக் கொண்டுவந்தார்கள். அங்கே கத்தியால் வெட்டுவதைவிட ஈரத் தோலை அழுத்தி மேடாக்கிச் சாயம் தீட்டுவதுதான் பாணி. பட்டைத் தோல் இல்லாமல் அந்த வேலையும் நடக்காது. சாந்திநிகேதன் தோல் பொருளுக்கும் தமிழ்நாட்டு ஈ.ஐ. தோலுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

குறியீடு கிடைத்தது, தொழில்தான் சுருங்கிவிட்டது. சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1900-களின் தொடக்கத்தில் குரோமியப் பதனிடலைச் சோதித்தபோது, கமலை இறைக்கும் தோல் பைக்கு அது உதவும் என்று பார்த்தார். விவசாயிக்காக வந்த முறை கடைசியில் ஷூவுக்குப் போயிற்று. குரோமியம் என்றால் மாதக்கணக்கு வேலை நாள்கணக்கில் முடியும். 1973 முதல் அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு வைத்தது. முழுதாகச் செய்த பொருளாக அனுப்பு என்றது. நியாயமான எண்ணம்தான், ஆனால் ஈ.ஐ. தோலையே நம்பியிருந்த சின்ன ஷாப்புகளுக்கு அது அடி. அப்புறம் தண்ணீர். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிணறுகள் உப்பானதை நான் பார்த்திருக்கிறேன். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உட்படப் பல மாவட்டங்களின் தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பட்டைத் தோல் சுத்தமானது என்று சிலர் எழுதுகிறார்கள். அதிலும் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. குரோமியம் இல்லை, அவ்வளவுதான்.

இத்தனை நேரம் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்த பகுதி ஒன்று இருக்கிறது.

அந்த மாணவனின் அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை. வீடும் ஷாப்பை ஒட்டித்தான். ஒன்பதாம் வகுப்பில் அவன் பக்கத்தில் உட்கார மாட்டோம், நாற்றம் அடிக்கிறது என்று இரண்டு பையன்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். நாற்றம் மட்டும்தானா காரணம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான் என்ன செய்தேன்? அவனைக் கடைசி பெஞ்சில் ஜன்னல் ஓரமாக மாற்றினேன். காற்று வரும் இடம், அவனுக்கும் நல்லது என்று சொல்லிக்கொண்டேன். அந்த வருஷம்தான் தீண்டாமை ஒழிப்புப் பாடம் நடத்தினேன். நன்றாக நடத்தினேன் என்றுகூட நினைத்தேன்.

அப்படிப்பட்ட வாத்தியாருக்குத்தான் அவன் பூச் செதுக்கிக் கொண்டுவந்தான். வீட்டுக்கு எடுத்துப்போனேன். அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கும்போது அம்மா பார்த்துவிட்டார். "செத்த மாட்டுத் தோலைப் புஸ்தகத்துக்குள்ள வைக்கலாமாடா? சரஸ்வதி இருக்கிற இடம்" என்றார். அது ஆட்டுத் தோல் என்று சொன்னேன். அது பதிலா? மிருதங்கத்தில் தோல் இல்லையா என்று கேட்கலாம் என்று தோன்றியது, கேட்கவில்லை. பூஜையில் வைக்காத, நான் எப்போதாவது எடுக்கும் அந்த ஐரோப்பிய வரலாற்று நூலில் செருகி, மேல் தட்டில் வைத்தேன். அடுத்த வருஷம் ஒருநாள் கடைவீதியில் பார்த்தவன், "புக்மார்க் வெச்சிருக்கீங்களா சார்?" என்றான். "ஆமாப்பா" என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

சென்னை மாகாணத்திலிருந்து கப்பல் கப்பலாகப் போன தோலை உரித்தவர்கள், குழியில் இறங்கி மிதித்தவர்கள், வழித்தவர்கள் பெரும்பாலும் அருந்ததியர், பறையர் குடும்பங்கள். அந்தத் தோல் லண்டனில் புத்தகத்துக்கு அட்டையாகி, தங்க எழுத்துப் பெற்று, பெரிய மனிதர்கள் கையில் தவழ்ந்தது. அதே காலத்தில் அவர்கள் பிள்ளைகளைப் பல பள்ளிக்கூடங்களில் உள்ளேயே விடவில்லை. குழு போட்டு எழுதிய அறிக்கையில் தோல் ஏன் சிவக்கிறது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்தச் சாற்றில் ஊறிய கைகள் என்ன நிறமாயின என்று கேட்பது அவர்கள் வேலை இல்லைதான்.

பழைய மாணவர்கள் மூலம் எண் வாங்கி, போன வாரம் அவனைக் கூப்பிட்டேன். இப்போது திருப்பூரில் சரக்கு வேன் ஓட்டுகிறான். குரல் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டான். "சார், நல்லா இருக்கீங்களா? டீச்சரம்மா நல்லா இருக்காங்களா?" என்று ஐந்து நிமிடம் குடும்பம் விசாரித்தான். புக்மார்க் கிடைத்ததைச் சொன்னேன். சிரித்தான். பிறகு வேலை எதுவும் செய்யவில்லையாம். மாமா இறந்ததும் உளியையும் யாரோ எடுத்துப் போய்விட்டார்களாம்.

"அந்த ஆவாரம்பூ இன்னும் அப்படியே இருக்குப்பா" என்றேன்.

"அது ஆவாரம்பூவா சார்? நான் சும்மா அஞ்சு இதழ் போட்டேன். எங்கப்பா காலத்துல ஷாப்ல ஆவாரம்பட்டை ஏது சார், எல்லாம் வாட்டில் பட்டைதான். கொடைக்கானல்ல இருந்து லாரில வரும்."

வாட்டிலும் வெளிச்சத்தில் சிவக்கும் வகைதான் என்பதால் என் ஆராய்ச்சி தப்பித்தது. பூவின் பெயர்தான் போயிற்று.

கடைசி பெஞ்ச் விஷயத்தை நான்தான் எடுத்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஞாபகம் இருக்கு சார்" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் மேலே பேசவில்லை.

போனை வைக்கப்போகும்போது அவனே கேட்டான். "சார், தப்பா நினைக்காதீங்க. அந்தத் துண்டை நான் வாங்கிக்கலாமா? அது எங்கப்பா ஷாப்ல இருந்து கொண்டாந்த வெட்டுத் துண்டு. அவரு முப்பது வருஷம் தோல் போட்டாரு. அவரு கைபட்ட தோல்னு எங்க வீட்ல ஒண்ணுமே இல்ல. எல்லாம் வெளியூரு போயிருச்சு."

அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதுவரை குஞ்சம் இன்னும் உதிராமல் இருக்க, மெல்லிய துணியில் சுற்றி வெளிச்சம் படாத டிராயரில் வைத்திருக்கிறேன். படம் எடுத்து இங்கே போடலாம் என்று நினைத்தேன். அவனைக் கேட்டுவிட்டுப் போடுகிறேன்.